எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னால் ஏன் சிரிப்பு வருகிறது?

நீங்கள் கேட்டது இதுதான். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "மழை பெய்யுது. வெளியே இருக்கிறதெல்லாம் நனையுது" என்று முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொல்கிறார். சுற்றி இருக்கிற நாலு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறார்கள். அதே வரியை நீங்கள் வீட்டில் சொல்லிப் பார்த்தபோது உங்கள் மனைவி, "ஆமா, மாடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வாங்க" என்றார். வரியில் ஜோக் என்று ஒன்றுமே இல்லையே, அப்புறம் எதற்குச் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இது நல்ல கேள்வி. உங்கள் மனைவி சொன்ன பதிலிலேயே பாதி விடை இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நான் 27 வருஷமாகக் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், அதில் 20 வருஷமாக மாணவர் நாடகக் குழுவையும் பார்த்துக்கொள்கிறேன். நான் சொல்லப்போவதெல்லாம் இலக்கணப் பாடத்திலிருந்தும் ஒத்திகை அறையிலிருந்தும் வந்தது. சிரிக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது என் துறை இல்லை, அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இந்த வகைப் பேச்சுக்குத் தமிழில் ஒரே சொல் என்று எதுவும் நிலைக்கவில்லை. 'சிரிக்காம சிரிக்க வைப்பான்' என்போம், 'ஊமைக் குசும்பு' என்போம். ஆங்கிலத்தில் இது டெட்பேன். 'பேன்' என்பது அமெரிக்கக் கொச்சைப் பேச்சில் முகம், ஆக, உயிரில்லாத முகம் என்று பொருள். மௌனப்பட நடிகர் பஸ்டர் கீட்டனை வைத்துத்தான் பலர் இதை விளக்குவார்கள். 1895-ல் பிறந்தவர், சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா அம்மாவோடு மேடை ஏறியவர். அப்பா அவரைத் தூக்கி மேடையில் இங்கும் அங்கும் எறிவார், பையன் எழுந்து நிற்பான், கூட்டம் சிரிக்கும். எழுந்திருக்கும்போது தானும் சிரித்தால் கூட்டத்தின் சிரிப்பு குறைகிறது, முகத்தை இறுக்கமாக வைத்திருந்தால் கூடுகிறது என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்ல பாடம்தான், ஆனால் உங்கள் கேள்விக்கு முகம் மட்டும் போதாது. கீட்டன் தூக்கி எறியப்பட்டார், அது பார்க்கவே ஒரு சம்பவம். உங்கள் நண்பர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

நம் பக்கம் வருவோம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று நாலு இடம் சொல்லியிருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமை என்றால் குழந்தைத்தனம். எள்ளல் கேலி, பேதைமை அறியாமை. மடன் என்பதுதான் நமக்கு முக்கியம். மடம் என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் சொல்லும் விளக்கம், 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை'. அதாவது ஒருவர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு, வாங்கிக்கொண்டதை எந்த நிலையிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. வகுப்பில் இந்த வரியை நடத்தும்போதெல்லாம் 1989-ல் வந்த கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காட்சியைத்தான் சொல்லுவேன், வேறு உதாரணமே தேவைப்படாது. இரண்டு பழம் வாங்கி வரச் சொன்னார்கள், ஒன்றுதான் கைக்கு வந்திருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி எத்தனை விதமாகக் கேட்டாலும் செந்தில் கையில் இருக்கிற ஒன்றையே காட்டுகிறார். அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது அடியோ வசவோ இல்லை. செந்திலின் முகத்தில் இருக்கிற நேர்மை. அவர் ஏமாற்றுகிற ஆள் மாதிரி நிற்கவில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட ஆள் மாதிரி நிற்கிறார். கொண்டது விடாமை என்றால் அதுதான். உங்கள் அலுவலக நண்பரும் மழை என்ற விஷயத்தை அப்படித்தான் பிடித்திருக்கிறார். மழை பெய்கிறது, ஆகவே நனைகிறது. அந்த ஆகவேயை அவர் விடவில்லை.

சரி, தெரிந்ததைச் சொல்வதே சிரிப்பா என்றால் இல்லை. இதை உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் நாள் முழுக்க நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், யாரும் சிரிப்பதில்லை. பையோடு தெருவில் இறங்கினால் எதிர் வீட்டு அம்மா "கடைக்குக் கிளம்பியாச்சா?" என்பார். வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து "வாங்க, வந்துட்டீங்களா" என்போம். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. கடைக்குக் கிளம்பியாச்சா என்பதை இந்த ஆறில் எதில் போடுவது? பதில் தெரிந்தே கேட்பதால் அறிவினாவில் போடலாம் என்று மாணவர்கள் சொல்வார்கள், ஆனால் அறிவினா என்பது ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது. எதிர் வீட்டு அம்மா நம்மைச் சோதிக்கவில்லை. உன்னைப் பார்த்துவிட்டேன் என்று சொல்கிறார், அவ்வளவுதான். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1923-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த மாதிரிப் பேச்சுக்குத் தனிப் பெயரே வைத்தார். செய்தி சொல்வதற்காக இல்லாமல் உறவைத் தொட்டுக்கொள்வதற்காகப் பேசும் பேச்சு என்பது அவர் சொன்னதன் சாரம். இப்படிப்பட்ட வாக்கியம் தன் இடத்தில் இருக்கும்வரை அதில் நகைச்சுவை துளியும் கிடையாது. செய்தி எதிர்பார்க்கிற இடத்துக்கு அது நகர்ந்து வரும்போதுதான் கதை மாறுகிறது.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞரின் கட்டுரை ஒன்று, 1975-ல் அச்சானது, நன்றாக விளக்குகிறது. பேசுகிறவர் தேவையான அளவுக்கு, தொடர்புள்ளதை, தெளிவாகச் சொல்வார் என்று நம்பித்தான் நாம் காதைக் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கைக்குப் பொருந்தாத வாக்கியம் வந்தால் உடனே அதைத் தப்பு என்று தள்ளுவதில்லை, உள்ளே வேறு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று தேடுகிறோம். நன்னூலின் பத்துக் குற்றங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயன் இன்மை என்று நம் இலக்கணம் நூல் எழுதுகிறவன் தவிர்க்க வேண்டியதைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. உங்கள் நண்பர் அதே குற்றங்களை, ஒரு முக்கியச் செய்தி சொல்கிற மரியாதையோடு செய்கிறார். கேட்கிறவர்கள் அரை நொடி தேடுகிறார்கள். வெளியே இருப்பதெல்லாம் நனைகிறது என்றால் என்ன சொல்ல வருகிறார், மேனேஜரைச் சொல்கிறாரா, பைக்கை வெளியே விட்டுவிட்டாரா? தேடித் தேடிக் கடைசியில் அங்கே மழையைத் தவிர ஒன்றும் இல்லை. காண்ட் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1790-லேயே சிரிப்பைப் பற்றி இப்படித்தான் சொன்னார், இறுகிப் போயிருந்த எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதுதான் சிரிப்பு என்று.

இப்போது உங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கிற வீட்டில் 'மழை பெய்யுது, வெளியே இருக்கிறதெல்லாம் நனையுது' என்பது வெற்று வாக்கியமே இல்லை. அது அவசரச் செய்தி. உங்கள் மனைவி தேடவேண்டிய தேவையே வரவில்லை, அர்த்தம் கையிலேயே இருந்தது, அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். நீங்கள் சொன்ன விதத்தில் குறை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, ஆனால் அந்த வரி அந்த இடத்தில் யார் சொன்னாலும் விழுந்திருக்கும், செந்திலே வந்து சொல்லியிருந்தாலும்.

வெற்று உண்மையைச் சொல்வது நமக்கு மட்டும் உரியது இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ஒரு ஆளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். லா பாலிஸ் என்று ஒரு தளபதி, 1525-ல் இத்தாலியில் பாவியா என்ற இடத்தில் நடந்த போரில் இறந்தார். சாவதற்குக் கால் மணி நேரம் முன்பு அவர் உயிரோடு இருந்தார் என்று அவரைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பிற்காலத்தில் லா மொன்னுவா என்ற கவிஞர் அதே பாணியில் செய்யுள் செய்யுளாக எழுதித் தள்ளினார், இன்றும் அங்கே இந்த மாதிரி வாக்கியத்துக்கு லாபாலிசாத் என்றுதான் பெயர். இதுவரை உறுதி. பாட்டு எப்படிப் பிறந்தது என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இன்னும் அழகானது, ஆனால் அதை மரபுவழிக் கதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: அவர் கல்லறையில் 'இவர் இறந்திராவிட்டால் இன்னும் பிறரைப் பொறாமைப்பட வைத்திருப்பார்' என்று எழுதியிருந்ததாம், அந்தக் காலத்து எஃப் எழுத்தும் எஸ் எழுத்தும் ஒரே மாதிரி இருந்ததால் அதை 'இறந்திராவிட்டால் இன்னும் உயிரோடு இருப்பார்' என்று படித்துவிட்டார்களாம்.

ஆனால் காண்ட் சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. லா பாலிஸ் பாட்டுக்கு அது பொருந்தும், அங்கே கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நல்ல ஊமைக் குசும்பில் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. ஒருமுறை நாடகக் குழு மாணவி ஒருத்தி என்னோடு லிஃப்டில் வந்துகொண்டிருந்தாள். உள்ளே ஆறு பேர். எல்லாரும் மேலே மாறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மெதுவாக, "எல்லாரும் பார்க்கிறோம். வரிசையாத்தான் வருது" என்றாள். நாலாவது மாடி வருவதற்குள் எங்களால் நிற்க முடியவில்லை. இன்னொருநாள் அதே பெண் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது: "எங்க வீட்ல ஒரு டப்பா இருக்கு. மேல சர்க்கரைன்னு எழுதியிருக்கும். உள்ள உளுந்து இருக்கும். எல்லாருக்கும் தெரியும்." இதில் தகவல் இல்லை என்று சொல்ல முடியுமா? நாம் ஆயிரம் தடவை பார்த்து ஒரு தடவைகூடச் சொல்லாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் தெரிந்திருப்பது வேறு, யாராவது வாய்விட்டுச் சொல்லியிருப்பது வேறு. உள்ளங்கை நெல்லிக்கனி என்கிறோம், ஆனால் உள்ளங்கையை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? மழையில் நனைகிறது என்பது முதல் வகை, சர்க்கரை டப்பா இரண்டாம் வகை. முதல் வகை முழுக்கச் சொல்கிற ஆளையும் இடத்தையும் நம்பியிருக்கிறது. இரண்டாம் வகை கொஞ்சம் தன் காலிலேயே நிற்கும். உங்களைப் போலத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் வகையிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

சொல்கிற விதத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி. பல வருஷம் முன்பு ஒரு நாடகத்தில் முதலாமாண்டுப் பையன் ஒருவனுக்கு ஒரே வசனம். ஊர்ப் பெரியவர் வீட்டில் எல்லாரும் பதற்றத்தோடு காத்திருக்கிறார்கள், இவன் ஓடிவருகிறான், என்னடா ஆச்சு என்று எல்லாரும் திரும்புகிறார்கள், "கதவு திறந்திருந்துச்சு. உள்ள வந்தேன்" என்கிறான். ஒத்திகையில் அவன் ஒவ்வொரு தடவையும் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு சொன்னான், யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அந்த வரியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். முதல் நாள் மேடையில் பயத்தில் அவனுக்கு அந்தச் சிரிப்பு மறந்துபோய்விட்டது. திரும்பிக் கதவை ஒருமுறை பார்த்தான், நம்பிக்கையாகச் சொன்னான். அரங்கம் அதிர்ந்தது. இரண்டாம் நாள் அந்த அதிர்வை எதிர்பார்த்துக்கொண்டே வந்து, வசனத்தைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். அமைதி. பையன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவனுக்கு அப்போது நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்க நாடக உலகில் ஆல்ஃப்ரட் லண்ட், லின் ஃபான்டேன் என்று புகழ்பெற்ற தம்பதி. ஒரு காட்சியில் லண்ட் டீ கேட்கிற வசனத்துக்குத் தினமும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது, திடீரென்று வருவது நின்றுவிட்டது. ஏன் என்று மனைவியிடம் கேட்டாராம். நீங்கள் இப்போது டீயைக் கேட்கவில்லை, சிரிப்பைக் கேட்கிறீர்கள் என்றாராம் ஃபான்டேன். சில பேர் டீக்குப் பதில் வெண்ணெய் என்று சொல்வார்கள். எதுவானாலும் கதையின் உண்மையை நான் 20 வருஷமாக ஒத்திகையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர் எதைப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் மழையைப் பார்த்தால் நாம் சிரிக்கிறோம். அவர் நம்மைப் பார்த்தால் நாம் சிரிக்க வேண்டிய கடமைக்கு ஆளாகிறோம், கடமைக்குச் சிரிப்பு வராது.

தமிழில் இதற்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு ஆபத்தும் உண்டு. வசதி, நம் வினைமுற்று கடைசியில் வருவது. "நேத்து ராத்திரி பதினொன்றரை மணிக்கு, கரண்ட் போனதுக்கப்புறம், நான் மட்டும் டார்ச் எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு படியா ஏறி, மேல போய், கதவைத் திறந்து பார்த்தேன். மாடி இருந்துச்சு." கேட்கிறவரை இத்தனை எச்சங்களில் தொங்கவிட்டுக் கடைசியில் இறக்கிவிட நம் மொழி தாராளமாக இடம் கொடுக்கிறது. ஆபத்து, நம் இடைச்சொற்கள். அதே வாக்கியத்தை "மாடிதான் இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள், செத்துவிடும். அந்த 'தான்' கேட்கிறவரிடம் போய், நீ வேறு எதையோ எதிர்பார்த்தாய் இல்லையா என்று கண்ணடிக்கிறது. 'மாடியே', 'மாடி மட்டும்', 'பாருங்க', 'தெரியுமா', 'கேளுங்களேன்' எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. லிஃப்டில் அந்தப் பெண் 'வரிசையாத்தான்' என்று சொன்னாளே என்று கேட்பீர்கள், நியாயம். அங்கே அது உண்மையான 'தான்'. எண் தாறுமாறாக வரக்கூடும் என்று நாம் பார்த்துக்கொண்டிருப்பது போல அவள் பதில் சொல்கிறாள். கண்ணடிக்கிற 'தான்' எது, பதில் சொல்கிற 'தான்' எது என்பதைச் சொல்லிப் பார்த்துக் காதால்தான் பிரிக்க முடியும், இதற்கு விதி எழுத நான் பலமுறை முயன்றிருக்கிறேன், விதிவிலக்கு வந்துகொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதுவதாக இருந்தால் கண்ணீர் வழியச் சிரிக்கிற அந்த எமோஜி இதே கண்ணடிப்புதான். போடாதீர்கள். முற்றுப்புள்ளி போதும்.

இன்னொன்றைக் கவனமாகச் சொல்லவேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து "சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறார். "இல்ல, சோத்தை எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், அதுவும் சிரிப்பு வரவைக்கும். ஆனால் அது தொல்காப்பியர் கணக்கில் எள்ளல். அன்பாகக் கேட்டவரை முட்டாளாக்கி அதிலிருந்து வருகிற சிரிப்பு. "ஆமா, சாப்பிடறேன். இப்போ ரசம்" என்பது மடன். கேட்டவரும் சேர்ந்து சிரிக்கலாம், யாருக்கும் காயமில்லை. முகம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும், அதனால் பலர் குழம்பிவிடுகிறார்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டி ஒருவர் கேட்கும்போது, ஆஸ்பத்திரி வராந்தாவிலோ வழி தெரியாத ஊரிலோ, தெரிந்ததையே திருப்பிச் சொல்வது கொடுமை. உங்கள் அலுவலக நண்பர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது.

இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சொல்லமைப்பைக் கற்றுக்கொள்ளலாம், எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ளலாம், முகத்தைக்கூட ஓரளவு பழக்கலாம். சாதாரணப் பொருளை அக்கறையோடு பார்க்கிற குணம் மட்டும் சில பேரிடம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, இல்லாதவர்களுக்கு அது வந்து நான் பார்த்தது மூன்று நாலு பேரிடம்தான், அவர்களும் வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கதவு வசனம் சொன்ன பையன் அதில் ஒருவன். அவனுக்குக் கொடுத்த பயிற்சியையே உங்களுக்கும் தருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பொருளை மட்டும் ஒரு நிமிஷம் பாருங்கள், வீட்டு சுவிட்ச் போர்டு, பஸ் படிக்கட்டு, எதுவானாலும். அதைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணடிக்கிற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த வாக்கியத்தால் யாருக்கும் எந்த வேலையும் ஆகாத ஒரு நேரமாகப் பார்த்து, காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதோ நடந்துகொண்டிருக்கும்போதோ, அந்தப் பொருளைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுக் காப்பியைக் குடியுங்கள். உங்கள் மனைவி முதலில் வெறும் "ஆமா" என்று மட்டும் சொல்வார். துணியை எடுக்கச் சொல்லாமல் வெறும் ஆமா என்கிறார் என்றால் இடம் சரியாக அமைந்துவிட்டது, இனி வாக்கியத்தைத் திருத்தினால் போதும்.